ஊரான் வீட்டு நெய்: எஃப்இசி செலவுத் தேடல் பக்கம், ஒரு தணிக்கைக்காரனின் விமர்சனம்

பாதியில் மூடிவிட்டுப் போகிறவர்களுக்காக மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு மூன்றரை. தேடல் பக்கத்துக்கு மட்டும் என்றால் நாலரை கொடுப்பேன், அதன் பின்னால் இருக்கிற சட்டத்துக்கு இரண்டரைக்கு மேல் கொடுக்க மனசு வரவில்லை, இரண்டையும் கூட்டி வகுத்தால் இதுதான் வருகிறது.

எஃப்இசி என்பது அமெரிக்காவின் மத்தியத் தேர்தல் ஆணையம். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், வாக்குச்சாவடி வைப்பது, ஓட்டு எண்ணுவது எல்லாம் இவர்கள் வேலை இல்லை. அதிபர், செனட், பிரதிநிதிகள் சபை என்று மத்தியப் பதவிகளுக்கு நிற்பவர்கள் யாரிடம் எவ்வளவு வாங்கினார்கள், அதை எங்கே செலவழித்தார்கள் என்ற கணக்கைப் பார்ப்பதுதான் வேலை. 1975-ல் தொடங்கிய அமைப்பு. வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என்று எல்லாவற்றையும் பொதுமக்கள் தேடிப் பார்க்கிற மாதிரி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். கட்டணம் கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, மின்னஞ்சல் முகவரி கேட்டுத் தொல்லை பண்ணுவதில்லை. மாநில ஆளுநர், மேயர் எல்லாம் இங்கே கிடைக்க மாட்டார்கள், அதற்கு அந்தந்த மாநிலத்தின் தளத்துக்குத்தான் போக வேண்டும்.

வரவுப் பக்கத்தைப் பற்றி ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். யார் எந்தக் கட்சிக்குக் கொடுத்தார் என்று பக்கத்து வீட்டுக்காரரைத் தேடிப் பார்ப்பது அங்கே ஒரு பொழுதுபோக்கு. நான் போனது செலவுப் பக்கத்துக்கு. காரணம் என் தொழில். தணிக்கை பார்க்கிறவன். ஒரு கம்பெனியின் கணக்குப் புத்தகத்தைத் திறந்ததும் நான் முதலில் மோப்பம் பிடிப்பது லாபத்தை இல்லை. முதலாளி மனைவி பெயரில் இருக்கிற கட்டடத்துக்கு எவ்வளவு வாடகை போகிறது, மச்சான் நடத்தும் டிராவல்ஸுக்கு மாதம் எத்தனை பில், அதைத்தான். எங்கள் பாஷையில் இதற்குத் 'தொடர்புடைய தரப்புப் பரிவர்த்தனை' என்று பெயர். தப்பு என்று சொல்லவில்லை, கட்டடம் வேண்டும்தான், வண்டி வேண்டும்தான். ஆனால் தனியாக எடுத்துக் காட்ட வேண்டும், இன்னாருக்கு இன்ன உறவு, இவ்வளவு தொகை என்று குறிப்பு எழுத வேண்டும். எழுதாவிட்டால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஒரு தேர்தல் பிரசாரக் குழுவும் கிட்டத்தட்ட கம்பெனி மாதிரிதானே. நன்கொடை கொடுத்தவர்கள் பங்குதாரர்கள், வேட்பாளர்தான் முதலாளி. அவர் தன் சொந்த ஓட்டலில் கூட்டம் போட்டு, தன் சொந்த விமானத்தில் பறந்து, தன் சொந்தக் கட்டடத்தில் அலுவலகம் வைத்தால் அந்தப் பணம் எங்கே போய்ச் சேர்கிறது? ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நம்மூரில் சொல்வார்களே, அந்தக் கதை. இதை அந்தத் தளம் எவ்வளவு தெளிவாகக் காட்டுகிறது என்று பார்க்கத்தான் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தேன். திங்கள் காலை வரை எழுந்திருக்கவில்லை என்றால் வீட்டில் அடி விழுந்திருக்கும், அதனால் ஞாயிறு மதியத்தோடு நிறுத்தினேன்.

சரி, பக்கம் எப்படி இருக்கிறது. தரவுப் பகுதிக்குள் போய், செலவினங்கள் என்ற பட்டியலைத் திறந்தால் இடப்பக்கம் வடிகட்டிகள், வலப்பக்கம் அட்டவணை. செலவழித்தவர் பெயர், பெற்றவர் பெயர், பெற்றவரின் ஊர், தேதி, தொகை, எதற்காக என்ற விவரம், எல்லாவற்றிலும் தேடலாம். ஒரு வரியை அழுத்தினால் வேட்பாளரின் பொருளாளர் தாக்கல் செய்த அறிக்கையின் பக்கமே பிடிஎஃப் ஆகத் திறக்கிறது, அதாவது மூல வவுச்சருக்கு ஒரு படி முன்னால் வரை கொண்டுபோய் விடுகிறார்கள். மொத்தப் பட்டியலையும் எக்செல்லில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாக இறக்கிக்கொள்ளலாம், ஒரு தடவைக்கு ஐந்து லட்சம் வரி வரை. நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு, நிரல் வழியாகவே தரவை இழுத்துக்கொள்ள ஏபிஐ கூட இருக்கிறது. ஓர் அரசு அலுவலகத் தளம் இவ்வளவு நாணயமாக வேலை செய்வதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

பெற்றவர் பெயரில் 'டிரம்ப் டவர் கமர்ஷியல்' என்று போட்டேன். எல்லோரும் முதலில் போடுவது அதுவாகத்தான் இருக்கும். வரிசையாக விழுந்தது: 37,541.67 டாலர், வாடகை. அடுத்த மாதம் 37,541.67, வாடகை. அதற்கடுத்த மாதம் அதேதான். பைசா சுத்தமாக அதே தொகை. ஒரு தணிக்கைக்காரனுக்கு இப்படி ஓர் எண் மாறாமல் மாதாமாதம் வருவது தாலாட்டு மாதிரி, நல்ல ஒப்பந்தம் இருக்கிறது போல என்று தூக்கம் வந்துவிடும். அப்புறம்தான் 2016-க்குப் போனேன், தூக்கம் கலைந்தது. அந்த வருடம் மார்ச் மாதம் அதே கட்டடத்துக்குப் பிரசாரக் குழு கொடுத்த வாடகை 35,458 டாலர். ஜூலையில் 1,69,758 டாலர். நாலே மாதத்தில் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. நடுவில் என்ன நடந்தது? மார்ச்சில் டொனால்ட் டிரம்ப் பெரும்பாலும் சொந்தக் காசைப் போட்டுப் பிரசாரம் செய்துகொண்டிருந்தார். ஜூலைக்குள் கட்சி வேட்பாளர் ஆகிவிட்டார், வெளியாரிடம் மும்முரமாக நன்கொடை திரட்ட ஆரம்பித்துவிட்டார்.

உடனே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. பிரசாரம் பெருத்தது, கூடுதல் இடம் எடுத்தோம் என்று அவர்கள் தரப்பில் விளக்கம் உண்டு. வேட்பாளர் ஆன பிறகு ஆள் கூடும், இடம் கூடும், அதெல்லாம் நியாயமாகவே நடக்கக்கூடியது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அந்தத் தேர்தலில் அவர் தன் கையிலிருந்து போட்ட பணம் 6 கோடி டாலருக்கு மேல், அவர் கம்பெனிகளுக்குத் திரும்பி வந்ததைவிட அது எத்தனையோ மடங்கு அதிகம். ஆனால் என் கேள்வி வேறு. விளக்கம் சரியா தப்பா என்று அந்த வரியை வைத்து நான் பார்க்க முடியுமா? முடியாது. அங்கே இருப்பது பெயர், முகவரி, தேதி, 'வாடகை' என்ற ஒற்றைச் சொல், தொகை. எத்தனை சதுர அடி? எத்தனை தளம்? எந்த மாதத்துக்கு? ஒன்றும் கிடையாது. வாடகை ரசீதில் சதுர அடி இல்லை என்றால் நான் என் ஜூனியர் பையனைத் திருப்பி அனுப்பிவிடுவேன், போய் ஒப்பந்தத்தை வாங்கிட்டு வா தம்பி என்று. இங்கே யாரை அனுப்புவது? ஒப்பந்தமும் பில்லும் பொருளாளரிடம் மூன்று வருடம் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, தாக்கல் செய்யச் சொல்லவில்லை.

நம் சந்தேகம் முழுக்க இந்தச் சதுர அடியில்தான் இருக்கிறது, அதனால் இதில் கொஞ்சம் நிற்கிறேன். வேட்பாளர் தன் சொந்த வியாபாரத்துக்குப் பிரசாரப் பணத்தைக் கொடுக்கலாமா என்றால், அமெரிக்கச் சட்டப்படி கொடுக்கலாம். கொடுக்கலாம் என்ன, பல நேரம் கொடுத்தே ஆக வேண்டும். இது எனக்கே முதலில் விசித்திரமாக இருந்தது. வேட்பாளர் தன் சொந்தப் பணத்தைத் தன் தேர்தலில் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம், 1976-ல் உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனால் பெருநிறுவனம் எதுவும் வேட்பாளருக்கு நன்கொடை கொடுக்கக் கூடாது, அது வேட்பாளரே நடத்தும் நிறுவனமாக இருந்தாலும் சரி. கட்டடத்தை இலவசமாகக் கொடுத்தால் அது சட்டவிரோத நன்கொடை. குறைந்த வாடகைக்குக் கொடுத்தால் குறைத்த அளவுக்குச் சட்டவிரோத நன்கொடை. சரி, கூடுதலாக வாங்கினால்? நன்கொடையாளர் பணத்தைச் சொந்த உபயோகத்துக்குத் திருப்பிய குற்றம். ஆக இரண்டுக்கும் நடுவில், 'நியாயமான சந்தை விலை' என்ற ஒரு கம்பியில் நடக்க வேண்டும். அந்த விலைதான் எல்லாம். அதைச் சரிபார்க்க ஊருக்குக் கொடுத்த ஆவணத்தில் விலை மட்டும் இருக்கிறது, சரக்கு எவ்வளவு என்று இல்லை.

காய்கறிக்காரர் பில்லில் 'தக்காளி, 900 ரூபாய்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் நாம் என்ன கேட்போம்?

என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வருகிறவர்களுக்கு உதவும். 2020 தேர்தல் முடிந்ததும் இந்த வாடகை நின்றுபோயிருக்கும் என்று நினைத்தேன், என் அட்டவணையிலும் அதற்கு மேல் வரி வரவில்லை, முடிந்தது என்று குறிப்பும் எழுதிவிட்டேன். மேலே கால அளவு வடிகட்டியில் இரண்டு வருடக் கட்டம் ஒன்று இருக்கிறது, நான் தேர்ந்தெடுத்திருந்தது 2019-2020 மட்டும். அடுத்த கட்டத்தைத் திறந்தால் 2021-லும் மாதாமாதம் அதே 37,541.67. தேர்தல் இல்லை, வேட்பாளர் வெள்ளை மாளிகையை விட்டுப் போயாகிவிட்டது, குழுவின் பெயர்கூட மாறி 'மேக் அமெரிக்கா கிரேட் அகெய்ன் பேக்' ஆகிவிட்டது (பேக் என்றால் அரசியல் நிதிக் குழு), வாடகை மட்டும் பழைய பாசத்தோடு அதே கட்டடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அதனால் பெயரை நம்பாதீர்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் அடையாள எண் உண்டு, இந்தக் குழுவுக்கு சி00580100, பெயர் மாறினாலும் எண் மாறாது. எண்ணை வைத்துத் தேடுங்கள்.

பெற்றவர் பெயரிலும் இதே தலைவலிதான். குழுவின் ஆள் என்ன தட்டினாரோ அதுதான் பதிவாகும், நடுவில் ஒரு கமா, கடைசியில் எல்எல்சி (நம்மூர் பிரைவேட் லிமிடெட் மாதிரி ஒரு நிறுவன வகை) உண்டா இல்லையா, எல்லாம் அவர் இஷ்டம். அதைவிடப் பெரிய விஷயம், சொந்தக் கம்பெனி என்றால் சொந்தப் பெயர் இருக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன? 'டிரம்ப்' என்று தேடினால் டவர் வரும், உணவகக் கம்பெனி வரும். விமானக் கம்பெனி வராது, ஏனென்றால் அதன் பெயர் டேக் ஏர். 2016 பிரசாரத்தில் அந்தக் கம்பெனிக்குப் போனது பல பத்து லட்சம் டாலர், டவர் வாடகையெல்லாம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் டேக் ஏர் யாருடையது என்று முன்கூட்டியே தெரிந்தவருக்குத்தான் அந்த வரி கண்ணில் படும். இவராவது உலகத்துக்கே தெரிந்த ஆள், எந்தக் கம்பெனி யாருடையது என்று எழுதுவதற்குப் பத்துப் பத்திரிகை இருக்கிறது. ஏதோ ஒரு மூலையில் பிரதிநிதிகள் சபைக்கு நிற்கிற ஒருவர் தன் அச்சகத்துக்கு வேறு பெயர் வைத்திருந்தால் யாருக்குத் தெரியும்?

இதுதான் என் மூல வழக்கு. செலவு விவரப் படிவத்தில், ஷெட்யூல் பி என்பார்கள், பெற்றவருக்கும் வேட்பாளருக்கும் என்ன உறவு என்று ஒரு கட்டம் கிடையாது. ஒரே ஒரு கட்டம். சிறு கம்பெனியின் கணக்கில்கூட எதிர்பார்க்கப்படுகிற குறிப்பு, உலகத்திலேயே மிக அதிகம் செலவாகிற தேர்தல்களில் ஒன்றின் கணக்கில் இல்லை. வேட்பாளரின் சொத்து விவரம் தனியாகத் தாக்கல் ஆகிறது, அதில் எந்தக் கம்பெனியில் என்ன பங்கு, என்ன பதவி என்று இருக்கும். அதிபர் வேட்பாளருக்கு ஒரு படிவம், நாடாளுமன்ற வேட்பாளர்களுக்கு அந்தந்த அவையின் அலுவலகம். இந்த ஜன்னலில் ஒன்று, அந்த ஜன்னலில் ஒன்று என்று திறந்து வைத்துக்கொண்டு நாம்தான் பெயரைப் பெயரோடு பொருத்த வேண்டும். நான் அப்படித்தான் செய்தேன். ஒரு ஆளுக்கு மூன்று மணி நேரம் ஆனது. எந்த வாக்காளர் செய்வார்?

இந்த இடத்தில் ஒரு சொந்தக் கதை, சின்னதுதான். வருடக்கணக்கு முன்பு ஒரு சங்கத்துக்குப் பொருளாளராக இருந்தேன், எந்தச் சங்கம் என்பது வேண்டாம். ஆண்டு மலர் அச்சடிக்கும் வேலை ஒவ்வொரு வருடமும் தலைவரின் அண்ணன் அச்சகத்துக்கே போகும். நான் கேட்டேன், அண்ணே, இன்னும் ரெண்டு இடத்தில் விலை கேட்கலாமா என்று. அவர் கோபப்படவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார்: தம்பி, வெளியில் கொடுத்தால் இதைவிட அதிகம் ஆகும், நாங்கள் நஷ்டத்தில்தான் போட்டுத் தருகிறோம். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வேறு விலை என் கையில் இல்லாததால் அது உண்மை என்று எனக்குத் தெரிய வழியில்லை. பொய் என்றும் தெரிய வழியில்லை. அடுத்த வருடம் எனக்குப் பதில் வேறு பொருளாளர். எஃப்இசி அட்டவணையில் 'வாடகை' என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவருடைய அந்தச் சிரிப்புத்தான் நினைவுக்கு வந்தது.

சந்தை விலை சரி, தேவை உண்டா என்ற கேள்வியும் இருக்கிறதே. அதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள், நல்ல சோதனை: இந்தத் தேர்தலே இல்லாவிட்டாலும் இந்தச் செலவு வந்திருக்குமா? வந்திருக்கும் என்றால் அது சொந்தச் செலவு, தொடக் கூடாது. துணிமணி, வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அப்படித்தான் விலக்கு. சொந்த வீட்டில் ஓர் அறையை அலுவலகமாக்கி அதற்கு வாடகை வாங்குவதுகூடத் தடை. ஆனால் அதே ஆள் வீட்டுக்கு எதிரே இருக்கிற தன் வணிகக் கட்டடத்தில் அலுவலகம் வைத்தால் வாடகை வாங்கலாம். தெருவைக் கடந்தால் சட்டம் மாறிவிடுகிறது. இந்தத் தடையை மீறினால் சிறைக்கே போகலாம், போயிருக்கிறார்கள். பிரதிநிதிகள் சபை உறுப்பினராக இருந்த ஜெஸ்ஸி ஜாக்சன் ஜூனியர் பிரசாரப் பணத்தில் சுமார் 7.5 லட்சம் டாலரைச் சொந்தச் செலவுக்கு எடுத்ததாக 2013-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 43,350 டாலர் ரோலக்ஸ் கைக்கடிகாரம் உட்பட, 30 மாதத் தண்டனை. அதே சபையின் டங்கன் ஹன்டர் 2019-ல் ஒப்புக்கொண்டார், 11 மாதம் விதித்தார்கள், உள்ளே போகும் முன்பே டிரம்ப் மன்னிப்புக் கொடுத்துவிட்டார், அது தனிக் கதை. ஆக, கடிகாரம் வாங்கினால் கம்பி எண்ணலாம், கட்டடம் வைத்திருந்தால் வாடகை எண்ணலாம்.

புத்தகத்தில் நடப்பதும் வேடிக்கைதான். வேட்பாளர் எழுதிய புத்தகத்தைப் பிரசாரக் குழுவே காசு கொடுத்து வாங்கி ஆதரவாளர்களுக்குக் கொடுக்கலாம், ஆனால் அந்தப் பிரதிகளுக்கு உரிமைத்தொகை எழுத்தாளரான வேட்பாளரின் பைக்குப் போகக் கூடாது. ஆலோசனைக் கருத்துகள் என்று ஒரு பகுதி இதே தளத்தில் இருக்கிறது, இந்தக் கேள்வியை எத்தனை பேர் எத்தனை விதமாகக் கேட்டிருக்கிறார்கள் என்று அங்கே படிக்கலாம், அரை மணி நேரம் நன்றாகப் போகும். செலவுப் பட்டியலில் 2016 மே மாதம் டிரம்ப் குழு பார்ன்ஸ் அண்ட் நோபிள் கடைக்கு 55,055 டாலர் கொடுத்த வரி இருக்கிறது, அவர் புத்தகத்தின் பிரதிகளுக்காக. 2011-ல் அதிபர் வேட்பாளராக ஓடிக்கொண்டிருந்த ஹெர்மன் கெய்னின் குழு, அவருடைய பேச்சு வியாபாரத்தை நடத்திய அவருடைய சொந்தக் கம்பெனிக்கே 60,000 டாலருக்கு மேல் கொடுத்தது, புத்தகம், பயணம் என்று. உரிமைத்தொகை யாருக்குப் போனது என்று வரியில் இருக்காது. அதற்கும் கட்டம் இல்லை.

கடன் விஷயத்துக்கு வருவோம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் இதில் கட்டடமோ விமானமோகூட வேண்டாம். வேட்பாளர் தன் பிரசாரக் குழுவுக்குத் தானே கடன் கொடுக்கலாம், வட்டியும் வாங்கலாம். கலிபோர்னியாவிலிருந்து பிரதிநிதிகள் சபைக்கு நின்ற கிரேஸ் நபோலிடானோ 1998-ல் தன் குழுவுக்கு 1.5 லட்சம் டாலர் கொடுத்தார், வட்டி 18 சதவீதம். பல வருடம் அசலைத் தீர்க்காமல் வட்டி கட்டியே வந்தார்கள், கடைசியில் வட்டியாக மட்டும் அவருக்குப் போனது 2 லட்சம் டாலருக்கு மேல். கட்டியது நன்கொடையாளர்கள். தண்டல்காரர் தோற்றார். சட்டப்படி குற்றம் எதுவும் இல்லை. இந்தக் கடன் கணக்கு செலவுப் பட்டியலில் முழுசாக வராது, கடன் என்று தனி அட்டவணை உண்டு, அங்கே போய்ப் பாருங்கள். தேர்தல் முடிந்த பிறகு திரட்டும் நன்கொடையிலிருந்து வேட்பாளரின் கடனைத் திருப்புவதற்கு 2.5 லட்சம் டாலர் என்று ஓர் உச்சவரம்பு இருந்தது. செனட்டர் டெட் குரூஸ் 2018 தேர்தலுக்கு முந்தைய நாள் தன் குழுவுக்கு 2.6 லட்சம் கடன் கொடுத்து, அந்த மீதிப் பத்தாயிரத்துக்காக வழக்குப் போட்டு, 2022-ல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று அந்த வரம்பையே தூக்கிவிட்டது. ஜெயித்தவருக்கு ஜெயித்த பிறகு கொடுக்கிற நன்கொடை நேராக அவர் சொந்தக் கணக்குக்குப் போகிறது என்றால், கொடுக்கிறவர் அதை எதற்காகக் கொடுக்கிறார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கட்சியை மட்டும் சொல்வதாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இல்லை, பட்டியலே அப்படித்தான் கலந்து இருக்கிறது. ஜனநாயகக் கட்சியின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் இல்ஹான் ஒமரின் குழு 2019-20-ல் ஓர் ஆலோசனை நிறுவனத்துக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது, அது அவர் கணவர் பங்குதாரராக இருந்த நிறுவனம். அதில் பெரும்பகுதி விளம்பரம், அஞ்சல் என்று வெளியே கடந்து போன பணம் என்பது அவர் விளக்கம். 2020 நவம்பரில் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார். உறவினருக்குக் கொடுப்பதற்கும் அதே விதிதான், உண்மையான வேலை, நியாயமான விலை. அந்த விளக்கத்தைச் சரிபார்க்க நான் முயற்சி செய்தேன், இங்கேதான் தளத்தின் இன்னொரு எல்லை தெரிந்தது.

குழு நேரடியாக யாருக்குக் கொடுத்ததோ அவர் பெயர் வரும். அவர் அதை யாருக்குப் பிரித்துக் கொடுத்தார் என்பது வராது. விசித்திரம் என்னவென்றால், கிரெடிட் கார்டில் செலவழித்தால் கார்டு நிறுவனத்தின் பெயரை மட்டும் எழுதித் தப்பிக்க முடியாது, பெரிய தொகையாக இருந்தால் அடியில் கடையின் பெயரையும் எழுதியாக வேண்டும். ஊழியர் கைக்காசு போட்டுப் பிறகு வாங்கிக்கொண்டாலும் கிட்டத்தட்ட அப்படித்தான். பீட்சாக் கடை தெரிகிறது. ஆனால் ஒரு விளம்பரக் கம்பெனிக்கு மொத்தமாகக் கொடுத்துவிட்டால் அதற்குப் பின்னால் திரை. 2020-ல் டிரம்ப் தரப்பு அமெரிக்கன் மேட் மீடியா கன்சல்டன்ட்ஸ் என்ற ஒரே நிறுவனத்தின் வழியாக 50 கோடி டாலருக்கு மேல் அனுப்பியது, அது பிரசாரத்தின் ஆட்களே சேர்ந்து உருவாக்கிய நிறுவனம், கடைசியில் யார் யார் கைக்கு எவ்வளவு போனது என்று பட்டியலில் பார்க்க முடியாது. இதைப் பற்றிப் புகார் போனது, ஆணையத்தில் ஓட்டு இரண்டாகப் பிளந்து அப்படியே முடிந்துவிட்டது.

(அந்தக் கார்டு வரிகளால் ஒரு ஆபத்து: சிஎஸ்வியை இறக்கி அப்படியே கூட்டினால் கார்டுக்குக் கொடுத்தது ஒரு தடவை, அடியில் கடைப் பெயரோடு இன்னொரு தடவை என்று இரட்டிப்பாகும். 'மெமோ' என்று ஒரு பத்தி இருக்கிறது, அந்தக் குறி உள்ள வரிகளை நீக்கிவிட்டுக் கூட்டுங்கள். சமூக ஊடகத்தில் சுற்றுகிற பாதிப் படங்கள் இதைச் செய்யாதவர்கள் போட்டதாகத்தான் இருக்கும்.)

ஓட்டுப் பிளந்தது என்றேன் இல்லையா. ஆணையத்தில் ஆறு பேர், ஒரே கட்சியிலிருந்து மூன்று பேருக்கு மேல் இருக்கக் கூடாது, எந்த நடவடிக்கைக்கும் நாலு ஓட்டு வேண்டும். யாரும் யாரையும் பழிவாங்கக் கூடாது என்று நல்லெண்ணத்தில் செய்த ஏற்பாடு. நடைமுறையில் மூன்றுக்கு மூன்று, முட்டி நிற்கும், கோப்பு மூடப்படும். ஆறு பேரும் இருந்தால்தான் அதுகூட. 2019 செப்டம்பரில் ஆள் குறைந்து கோரம், அதாவது முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை, இல்லாமல் போனது, 2020 தேர்தல் வருடத்தின் பெரும்பகுதி அப்படியே ஓடியது, 2025 மே மாதம் மறுபடி கோரம் இழந்தது. கோரம் இல்லாதபோதும் அறிக்கைகள் வரும், தளத்தில் ஏறும், தேடலாம், இறக்கலாம். புகார் மேல் முடிவெடுக்க மட்டும் ஆள் இல்லை. கண்ணாடி சுத்தமாக இருக்கிறது, உள்ளே போலீஸ்காரர் நாற்காலி காலி.

தளத்தை நடத்தும் ஊழியர்களை இதற்குக் குறை சொல்ல மாட்டேன். படிவத்தில் இல்லாத கட்டத்தை அவர்கள் எங்கிருந்து காட்டுவார்கள். சட்டம் கேட்டதை எல்லாம் ஒரு வரி விடாமல் போட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு ஒரு தேர்தல் சுழற்சியில் 200 டாலரைத் தாண்டினாலே பெயரோடு வர வேண்டும். 'இதர செலவு', 'வெளிச்சேவை' என்று மொட்டையாக எழுதினால் ஏற்க மாட்டார்கள், கேள்வி கேட்டுக் கடிதம் அனுப்புகிறார்கள், அந்தக் கடிதங்களும் தளத்திலேயே இருக்கின்றன. கொஞ்ச நாள் முன்பு வரை செனட் வேட்பாளர்கள் காகிதத்தில்தான் தாக்கல் செய்துகொண்டிருந்தார்கள், 2018-ல் சட்டம் மாறிய பிறகுதான் மின்னணுவுக்கு வந்தார்கள், அதற்கு முந்தைய செனட் கணக்குகளைத் தேடுகிறவர்கள் ஸ்கேன் பக்கங்களோடு மல்லுக்கட்டத் தயாராக இருங்கள்.

நன்கொடையாளர் பட்டியலை இறக்கி வியாபாரத்துக்குப் பயன்படுத்துவது சட்டப்படி தடை. அதைக் கண்டுபிடிக்க ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள் பாருங்கள், ஒவ்வொரு அறிக்கையிலும் குழுக்கள் பத்துப் பொய்ப் பெயர்கள் வரை சேர்த்துக்கொள்ளலாம். அந்தப் பொய்ப் பெயருக்கு யாராவது விளம்பரம் அனுப்பினால் மாட்டிக்கொள்வார். பட்டியலைத் திருடுகிறவனைப் பிடிக்க இவ்வளவு மூளை இருக்கிறது!

2000-ஆம் ஆண்டிலேயே டிரம்ப் ஃபார்ச்சூன் இதழிடம் சொன்னார், தேர்தலில் நின்று அதில் காசும் பார்த்த முதல் அதிபர் வேட்பாளராகத் தான் ஆகக்கூடும் என்று. ஒளிவுமறைவு இல்லாத மனிதர். தேன் எடுப்பவன் புறங்கையை நக்குவான் என்பதை எடுப்பதற்குப் பதினாறு வருடம் முன்பே அறிவித்தவர் இவர் ஒருவர்தான். இப்போது வேட்பாளர்கள் நேரடியாகவே பிரசார நிதியிலிருந்து ஒரு சம்பளம் எடுத்துக்கொள்ளலாம், 2024 மார்ச் முதல் அதற்கான விதி தளர்ந்திருக்கிறது, உச்சவரம்பு உண்டு, பதவியில் இருப்பவர்கள் எடுக்க முடியாது. வேலையை விட்டுவிட்டுத் தேர்தலில் நிற்கிற சாதாரண ஆளுக்கு அது தேவைதான், எனக்கு அதில் புகார் இல்லை. அந்தச் சம்பளம் வேட்பாளரின் பெயரிலேயே பட்டியலில் வருகிறது, தேடினால் ஒரு நொடியில் கிடைக்கிறது. கட்டடத்துக்கு மட்டும் ஏன் மூன்று மணி நேரம்?

யாருக்குச் சிபாரிசு செய்வேன் என்றால், பத்திரிகைக்காரர்களுக்கு, கணக்குத் தெரிந்தவர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை இல்லாதவர்களுக்கு. உங்கள் தொகுதி வேட்பாளர் பெயரைப் போட்டு, செலவைத் தொகைவாரியாக இறங்குவரிசையில் அடுக்கி, முதல் இருபது பெயரை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் சொத்து விவரத்தைத் திறந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். முகவரியையும் பாருங்கள், பெயரை மாற்றுகிறவர்கள் முகவரியை மாற்ற மறந்துவிடுவார்கள், இது இருபது வருட அனுபவத்தில் சொல்கிறேன்.

காலாண்டு அறிக்கைகள் ஏப்ரல் 15, ஜூலை 15, அக்டோபர் 15, ஜனவரி 31 தேதிகளில் வரும். கடைசி நாள் இரவு நெருங்க நெருங்க வரிகள் ஏறிக்கொண்டே இருக்கும். அடுத்த அறிக்கைக்கு நான் ஒரு பெயர் குறித்து வைத்திருக்கிறேன், பெரிய ஆள் இல்லை, ஒரு பிரதிநிதிகள் சபை வேட்பாளர், மாதம் 4,000 டாலர் 'அலுவலக வாடகை'. கட்டடத்தின் சொந்தக்காரர் ஒரு எல்எல்சி. அந்த எல்எல்சி யாருடையது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.